சம்பந்தி பெயர் சிறுத்துப்போன கதை

சித்தூர்,
10-8-1982.

அன்பு மகள் லோயிஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நானும் உன் நைனாவும் உன் தங்கை ஜெயகுமாரியும் சுகமாயிருக்கிறோம், எழுத்து வெட்டும் மெஷினும் சுகமாயிருக்கிறது, என் கொண்டை மட்டும் இன்னும் தேறவில்லை. மஸ்கட் வெயிலில் நீ சுகமாயிருப்பதையும், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி குறைந்திருப்பதையும் படித்துச் சந்தோஷப்பட்டோம். கொண்டை விஷயத்தை வேறு யாராவது உனக்கு எழுதுவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது. நம் சபையிலிருந்து வளைகுடாவுக்குக் கடிதம் போடுகிறவர்கள் யார் யார், ஒன்றை எப்படி ஒன்பதாக்கி எழுதுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருத்திதானே. போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், நம் ஜெயகுமாரிக்குச் சம்பந்தம் பேசியிருக்கிற பாலையா குடும்பத்தார் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கையில், கொண்டைக்குள் வைத்திருந்த என் சவுரிமுடி மெஷின் பெல்டில் மாட்டிக்கொண்டு தலையை விட்டுப் போய்விட்டது. போய்விட்டது என்றால் கீழே விழவில்லை, மோட்டாரோடு சேர்ந்து சுற்றியது, கறுப்புப் பூனை ஒன்று தன் வாலைத் தானே துரத்துகிற மாதிரி. என் தலையில் மிச்சமிருந்தது எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. எனக்குச் சவுரி உண்டென்பது வீட்டில் உள்ள நம் நான்கு பேருக்குத்தான் தெரியும், அதிலும் உன் நைனாவுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியும். சிரித்து முடித்துவிட்டு மேலே படி, இது சிரிப்போடு நிற்கவில்லை, ஜெயகுமாரியின் கல்யாணம் வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது.

மெஷின் எப்படி ஓடுகிறது, எழுத்து நன்றாக விழுகிறதா, நீ அனுப்பிய பணம் வீண்போகவில்லையே என்று கேட்டிருந்தாய். வீண்போகவில்லை. மெட்ராஸில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வந்த பழைய மெஷின்தான், ஆனால் குணமுள்ள மெஷின். இரண்டு இரும்புக் கைகள் ஒன்றோடொன்று கோத்து நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கை முனையில் ஊசி, மறு கை முனையில் மோட்டாரில் சுழலுகிற உளி. பெரிய பித்தளை எழுத்துகளைச் சட்டத்தில் கோத்து, அவற்றின் பள்ளத்தை ஊசியால் தடவிக்கொண்டே போனால், அந்தப் பக்கம் உளி அதே எழுத்தைச் சின்னதாகத் தகட்டில் வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு சின்னதாக என்பது கைகளில் போட்டிருக்கும் எண்ணைப் பொறுத்தது, இரண்டு கையிலும் திருகாணியை ஒரே எண்ணில் வைத்து இறுக்கவேண்டும். மெஷினோடு வந்தவை இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும். மிஷன் அச்சுக்கூடத்தில் தலைநரைக்கும்வரை எழுத்துக் கோத்த உன் நைனா, தமிழுக்கு நானிருக்கிறேன் என்று தகடு வாங்கி வரைந்து அறுத்து ராவி, ஒரு மழைக்காலம் முழுக்க எங்களைப் பித்தளைத்தூள் போட்ட ரசம் குடிக்க வைத்தார். எந்தப் பாத்திரக்காரரும் கேட்கப்போகாத ‘ங’வைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை, அது பாவம் சின்ன வயதிலிருந்தே தனியாக இருக்கிறது என்றார். எல்லா எழுத்தும் முடிந்தபோது அவர் கண்ணில் புரை முற்றிவிட்டது, ஊசி எங்கே பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. அதனால் நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் குறை சொல்லும் உத்தியோகத்தை எடுத்துக்கொண்டார், அதில் ரிட்டயர்மென்ட் கிடையாது.

ஆரம்பத்தில் நான் வெட்டியதைப் பார்த்திருந்தால் நீ பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பாய். திருப்பதிப் பாத்திரக்கடைக்காரர் கொடுத்தனுப்பிய ஒரு கல்யாணக் குடத்தில் நான் போட்ட பெயரைப் பார்த்து, இது பெண்ணின் பெயரா, கோழி கிளறிய குப்பையா என்று உன் நைனா கேட்டார், கண் தெரியாத அவருக்கே தெரிந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். பொருள் அசையக்கூடாது, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கவேண்டும். தகடு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் எழுத்தும் ஒரு பக்கம் ஆழமாக, ஒரு பக்கம் கீறலாக விழும், அதற்கு ஞாயிற்றுப்பள்ளி வசன அட்டைகளை அடியில் சொருகி மட்டம் பார்க்கிறேன், வசனம் எங்கேயாவது நம்மைத் தாங்கவேண்டும் இல்லையா. உளி மழுங்கினால் உடனே தீட்டவேண்டும், மழுங்கின உளியை அழுத்தி அழுத்தி ஓட்டுவது, கோபத்தில் கத்திக்கொண்டே சமைப்பது மாதிரி, எல்லாம் கரிந்துபோகும். ஒரே தடவையில் ஆழமாக வெட்ட ஆசைப்படக்கூடாது, மேலாக ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. எவர்சில்வர் என்றால் ஒரு சொட்டு மண்ணெண்ணெய், பித்தளைக்கு ஒன்றும் வேண்டாம். பக்கத்து மாவு மில் ஓடும்போது நம் மோட்டார் முனகும், அப்போது எழுந்துபோய்க் காப்பி குடிப்பது உத்தமம். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, மெஷினைத் தொட்டு ஏதாவது மாற்றினால் முதலில் பழைய பிஸ்கட் டப்பாவில் ஓர் எழுத்து வெட்டிப் பார்க்காமல் நல்ல பொருளைத் தொடவேகூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். இப்போது குடங்கள் வருகின்றன, மலைமேல் சத்திரங்களுக்குச் சாவி வில்லைகள் வருகின்றன, என் எழுத்தைத் தொட்டுப் பார்த்துக் கடைக்காரர் அச்சு மாதிரி இருக்குதும்மா என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

நம் கோயில் மைதானத்துக்கு இந்த வருஷம் ஒருவழியாக மதில் கட்டினார்கள், எருமைகள் ஆராதனை நேரத்தில் உள்ளே வந்து கதவோரம் நின்று பிரசங்கம் கேட்கிறதை நிறுத்தத்தான். பிரசங்கத்தை விழித்திருந்து கேட்டவை அவை மட்டுந்தான் என்று நான் சொல்வதில்லை, நம் போதகர் ஐயர் வருத்தப்படுவார். மதில் கட்டினால் கட்டியவர்கள் பெயர் வேண்டாமா. நம் ஜனங்கள் கோயிலுக்கு ஒரு துடைப்பம் வாங்கிக் கொடுத்தாலும் பிடியில் பெயர் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறவர்கள். கேட் தூணில் ஒரு பித்தளைப் பலகை, அதில் கொடுத்தவர்கள் பெயர், வெட்டுவதற்கு நம் மெஷின் என்று கமிட்டியில் தீர்மானமாயிற்று. யார் பெயர் முதலில் என்பதில் மதில் கட்டின நாட்களைவிட அதிக நாள் போயிற்று. கொடுத்த தொகைப்படி என்றார்கள், வயதுப்படி என்றார்கள், நாகபூஷணம் யாருடைய தாத்தா முதலில் ஞானஸ்நானம் எடுத்தார் என்பதுபடி என்றார். கடைசியில் ஐயர், அகரவரிசை, மறுபேச்சில்லை என்று ஜெபம் பண்ணி முடித்துவிட்டார். அப்படிப் போட்டால் நாகபூஷணத்துக்கு நேர் கீழே பாலையா வந்தார். இந்த இருவரும் காணிக்கைப் பையை யார் பிடிப்பது என்பதில் பேச்சை நிறுத்தினவர்கள், ஒரே பெஞ்சில் நடுவில் ஒரு தூணை வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள். பாலையா உனக்குத் தெரிந்தவர்தான், பாகாலா ஜங்ஷனில் கூட்ஸ் கிளார்க், ஞாயிறு தவறாமல் ரயிலில் வந்துவிடுவார். அவர் மகன் தியோடருக்குத்தான் ஜெயகுமாரி. பெரியவர்கள் பார்த்துப் பேசினோம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம், பாடகர் குழுவில் அவர்களே பார்த்துப் பேசி ரொம்ப நாளாகிவிட்டது என்று உனக்கு நான் எழுதவேண்டியதில்லை.

அந்தச் சனிக்கிழமை கல்யாணத் தேதி பேச பாலையாவும் அவர் மனைவி சுகுணாவதியும் வந்தார்கள், தியோடரும் கூட வந்தான். பலகையில் நாகபூஷணம் வரைக்கும் வெட்டி முடித்திருந்தேன், எழுத்துகள் கருக்காக, ஒரே உயரமாக, எனக்கே கண்பட்டுவிடும் போல இருந்தன. சும்மா இருந்திருக்கலாம். வாங்க சம்பந்தி, அடுத்தது உங்க பேருதான், உங்க கண்ணு முன்னாலயே வெட்டறேன் என்று மோட்டாரைப் போட்டேன். அவர் காராபூந்தித் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார். தூள் பறக்கிறதே என்று ஊதுவதற்காகக் குனிந்தேன், அவ்வளவுதான், கொண்டையூசி கழன்று சவுரி பெல்டைப் பார்த்து நடந்துவிட்டது. அப்புறம் பாலையா சிரித்தார் பார், காராபூந்தி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வழிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னாம்மா சம்பந்தி, இது திருப்பதியில வாங்குனதா, மலையில எறக்குன முடியா, அப்ப உன் தலையில ஏறிக்கினு இருந்தது எந்த ஊரு பக்தரோ என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தார். திருப்பதியில் வாங்கியதுதான், யார் இறக்கிய முடி என்று நான் கேட்டு வாங்கவில்லை. சுகுணாவதி மட்டும் சிரிக்கவில்லை, மெதுவாகக் கையைத் தூக்கித் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தியோடர் நல்ல பையன், ஜன்னல் வழியாக மாவு மில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது சுகுணாவதி வாசலில் நின்று, இது நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டும், யார்னா வாய தொறந்தீங்க சோறு கெடையாது என்று புருஷனையும் மகனையும் பார்த்துச் சொன்னாள், அதற்காக அவளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அவர்கள் போனபிறகு உன் நைனா திருகாணிகளை எல்லாம் கழற்றி, இரண்டு கைகளையும் பிரித்து, உளியைச் சுழற்றுகிற கதிரில் சுற்றிக்கொண்ட முடியை நூல் நூலாக எடுத்து, மறுபடி மாட்டிக் கொடுத்தார். எண்ணைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் மாட்டினார். இரண்டு கையிலும் ஒரே எண்ணில்தான் மாட்டினார், அதில் தப்பில்லை, ஆனால் அது பழைய எண் இல்லை, எழுத்தை அதற்கும் பாதியாக்குகிற எண். பிஸ்கட் டப்பாவில் ஓர் எழுத்து வெட்டியிருந்தால் தெரிந்திருக்கும். சட்டம் போட்டவளுக்கு அன்று சட்டம் நினைவில் இல்லை, முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, அந்தப் பலகையை முடித்துத் தொலைத்தால் போதும் என்று பாலையாவிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வெட்டினேன். கைக்கு வித்தியாசம் தெரியாது மகளே, ஊசி தடவுவது அதே பெரிய எழுத்தைத்தானே, உளி வெட்டுகிற இடம் தூளில் மூடிக்கிடக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஊதிப் பார்க்கிறவள் அன்று ஊதவில்லை, ஊதப்போய்த்தான் மானம் போயிற்று. தலைவலி என்று போய்ப் படுத்தேன். தூளைத் தட்டி, பள்ளத்தில் கறுப்பு தேய்த்து, துடைத்து, துணி சுற்றிக் கோயிலில் கொண்டுபோய் வைத்தவர் உன் நைனா, அவர் கண்ணுக்கு எல்லாமே ஒரே புகை.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் சுற்றி நிற்க, கமிட்டிச் செயலாளர் சம்பத் துணியை எடுத்தார். மேல்பாதி பெயர்கள் கோலி அளவு, கீழ்ப்பாதி பெயர்கள் கடுகு அளவு. நாகபூஷணம் கடைசிக் கோலி, பாலையா முதல் கடுகு. சம்பத்துக்கு இதைவிட நல்ல ஞாயிறு வாழ்நாளில் அமைந்திருக்காது. உரக்க ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, நாகபூஷணம் பெயரோடு நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாலையா அண்ணே, உம்ம பேரு இங்க கீழ இருக்குது, பூதக்கண்ணாடி யாருகிட்டயாவது இருக்குதா என்றார். நாகபூஷணம் மேல்துண்டை ஒருமுறை உதறிப் போட்டுக்கொண்டார், அது பேச்சைவிட மோசம். பாலையாவின் முகம் கறுத்துவிட்டது. அவன் பேரு எருமையாட்டம் நிக்குது, என் பேரு எருமை மேல குந்துன ஈயாட்டம் இருக்குது, நான் சிரிச்சதுக்குத்தான இப்புடி வஞ்சம் தீத்துக்கினே என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எதற்குச் சிரித்தார் என்று எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், நான் முந்தானையை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டேன். எங்க பேர செறுசாக்குன வூட்டுல பொண்ணு எடுக்குற அளவுக்கு நாங்க செறுசாவல, கல்யாணப் பேச்சு இத்தோட நிக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் பாகாலா ரயிலுக்குப் போய்விட்டார். அவருக்குக் கீழே இருந்த மற்றக் கடுகுகளும் கோபித்துக்கொண்டார்கள், ஆனால் அவர்களுக்குக் கல்யாண வயதில் மகன்கள் இல்லாததால் அவர்கள் கோபத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

திங்கட்கிழமையே நானும் உன் நைனாவும் பாகாலாவுக்குப் போனோம். கூட்ஸ் ஷெட்டில் வெல்ல மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, சவுரி மாட்டியது, திருகாணி கழன்றது, எண் மாறியது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டார், நம்பக்கூட நம்பினார் என்று நினைக்கிறேன். ஆனால், ஊரே பாக்க என் பேர செறுசாக்கிட்டு, நீ என் காதுல மட்டும் வந்து சொன்னா ஆச்சா, அங்க சொல்லும்மா, சம்பத்து முன்னால சொல்லு, அந்த நாகபூஷணம் கேக்க சொல்லு என்றார். அவர் கேட்டது நியாயந்தான், அதுதான் எனக்கு எரிச்சல். அங்கே சொல்வதென்றால் சவுரியைச் சொல்லவேண்டும். போன ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் பெண்கள் ஐக்கியத்தில், வெளி அலங்காரமும் முடி அலங்காரமும் எவ்வளவு மாயை என்று ஒரு மணி நேரம் பேசி, செல்லியம்மாவின் பூவையும் ரிப்பனையும் பார்த்தும் பார்க்காமலும் குத்திக்காட்டினவள் நான். அன்றைக்கு என் கொண்டை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைச் செல்லியம்மா மறந்திருக்கமாட்டாள். பலகையை மட்டும் திருத்திக் கொடுத்துவிடலாமே, மெஷின் பழசு, தானாகச் சுருங்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாமே என்றேன் வீட்டில். உன் நைனா, மெஷின் சுருங்கியது என்றால் திருப்பதிக்காரன் குடம் அனுப்பமாட்டான் என்றார். ஜெயகுமாரி அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, உனக்கு உன் சவுரி பெருசா என் கல்யாணம் பெருசா, ரெண்டுல ஒண்ண பிஸ்கட் டப்பால வெட்டிப் பாத்துட்டு சொல்லு என்றாள். என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா, என் நாக்கு அப்படியே வந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரை உட்காரச் சொல்லும்படி ஐயரைக் கேட்டுக்கொண்டேன். மெஷினின் கதிரைத் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துப் போயிருந்தேன், அதில் இன்னும் கொஞ்சம் முடி சுற்றியிருந்தது, உன் நைனா கண்ணுக்குத் தப்பிய முடி. இரண்டு எண்ணிலும் ஒரே பெயரை வெட்டிய பிஸ்கட் டப்பாவும் இருந்தது. முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முடி என்னுடையது, என்னுடையது என்றால் விலைக்கு வாங்கியது, இது மாட்டினதால்தான் எண் மாறியது, சோதித்துப் பார்க்காமல் வெட்டியது என் அகங்காரம், பாலையா அண்ணன்மேல் எனக்கு ஒரு வஞ்சமும் கிடையாது என்றேன். நடுநடுவே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன், அது பக்தி என்று சிலர் நினைத்தார்கள், இருக்கட்டும். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், அப்புறம் ஆண்கள், ஐயர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார், புத்தகம் குலுங்கியது. பெண்கள் பக்கம் செல்லியம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு எனக்கு எதிரில் வஞ்சனையில்லாமல் பழி வாங்கினாள். அப்போது சுகுணாவதி எழுந்து நின்றாள். இன்னா சிரிப்பு வேண்டிக் கெடக்குது, இந்தப் பக்கம் குந்திக்கினு இருக்குறதுல யார் யார் தலையில இன்னா இன்னா இருக்குதுன்னு நான் ஒவ்வொண்ணா சொல்லட்டுமா என்று கேட்டாள். பெண்கள் பக்கம் அப்படி ஒரு அமைதியை நான் ஜெபவேளையில்கூடக் கேட்டதில்லை. பாலையா திரும்பித் தன் மனைவியின் கொண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, சரி சரி, நாலு பேரு முன்னால சொல்லிட்டா, பெரிய மனசு, பேர மட்டும் சரியா வெட்டிக் குடும்மா, பையனுக்கு தேதி பாக்கலாம் என்றார்.

வெட்டின எழுத்தைப் பெரிதாக்க முடியாது, அதனால் பலகையைத் திருப்பிப்போட்டுப் பின்பக்கத்தில் முதலிலிருந்து எல்லாப் பெயரையும் வெட்டினேன். இந்தத் தடவை எண்ணை நானே பார்த்தேன், ஜெயகுமாரி பார்த்தாள், தியோடர்கூட வந்து பார்த்தான், அவன் பார்த்தது எண்ணை மட்டும் என்று நான் சாட்சி சொல்லமாட்டேன். டப்பாவில் வெட்டினேன், மட்டம் பார்த்தேன், தலையில் உன் நைனாவின் மங்கி குல்லாயைப் போட்டுக்கொண்டேன், ஒவ்வொரு வரிக்கும் எட்ட நின்று ஊதினேன். நம்பு மகளே, இந்த மெஷினில் இதுவரை விழுந்த எழுத்துகளில் அதுதான் ஒன்றாம் நம்பர். எல்லாப் பெயரும் ஒரே உயரம், ஒரே ஆழம், விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். முந்தாநாள் ஞாயிறு ஜெபம் பண்ணிக் கேட் தூணில் பதித்தார்கள், கோலியும் கடுகும் சுவரைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்கின்றன, எப்போதாவது மதில் விழுந்தால் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கட்டும். பாலையா ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து, பலகைக்குப் பக்கத்தில் நின்று, தன் பெயரின்மேல் விரலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். நாகபூஷணம் பெயரும் இதே அளவுதானே என்று என்னிடம் கேட்டார், நூல் பிடித்த மாதிரி ஒரே அளவு என்றேன். கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. அங்கேயே, எல்லார் முன்னாலும், அடுத்த தை மாதம் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, அதையும் பக்தி என்றே எழுதிக்கொள்.

ஆகவே உனக்கு லீவு தையில் வேண்டும், இப்போதே உன் மேட்ரனிடம் சொல்லி வை, கடைசி நேரத்தில் போய் நிற்காதே. ஒழுங்காகச் சாப்பிடு, ரூமில் உள்ள மலையாளப் பிள்ளைகளோடு சண்டை போடாதே, போட்டாலும் உன் பக்கம் நியாயம் இருக்கிறபோது மட்டும் போடு. வரும்போது எனக்குத் தங்கம் எதுவும் வேண்டாம். அந்த ஊரில் நல்ல சவுரி கிடைத்தால் ஒன்று வாங்கி வா, பழையது போய்விட்டது, ஊருக்குத் தெரிந்தபிறகு கொஞ்சம் நீளமானதாகவே வாங்கலாம் என்று நினைக்கிறேன். உன் நைனாவுக்கு ஐப்பசியில் வேலூரில் கண் ஆப்பரேஷன், அதற்காக ஜெபித்துக்கொள். நீ நீடூழி வாழ்ந்து, உன் கை தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கவும், உன் பெயர் எங்கே எழுதப்பட்டாலும் நல்ல அளவில் எழுதப்படவும் ஆண்டவர் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
குல்லாய் போட்ட உன் அம்மா,
தே. ஜெயசீலி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் ஸ்டூடியோவிலிருந்து போட்டோ வந்தது. பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டப்போகிறாராம் சம்பந்தி. படம் நன்றாக விழுந்திருக்கிறது, எழுத்து ஒவ்வொன்றும் தெரிகிறது, அவர் சிரித்துக்கொண்டு விரல் வைத்திருப்பது நாகபூஷணத்தின் பெயர்மேல். ஜெயகுமாரி தியோடரிடம் மெதுவாக விசாரித்தாள். அவன் நைனா முழுக்கத் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவராம், தமிழ் பேசுவாராம், பாடுவாராம், ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாதாம்.